லண்டன் டியூப் ஸ்டிரைக்: ரயிலை நிறுத்துவது ஊழியர்களா, வயசா?

2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை காலை. வேலைக்குக் கிளம்பிய லண்டன்வாசிகளை வரவேற்றது இழுத்துப் பூட்டிய ஸ்டேஷன் கதவுகள்தான். பேருந்து நிறுத்தங்களில் நீண்ட வரிசை. வாடகை சைக்கிள்களுக்கு அடிதடி போட்டி. ஸ்டிரைக்கில் சேராத எலிசபெத் லைன் ரயில்களில் மூச்சுவிட இடமில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று இதே நிலைமை தொடர்ந்தது.

வெம்ப்ளி ஸ்டேடியத்தில் செப்டம்பர் 7, 8 தேதிகளில் நடக்கவிருந்த கோல்ட்பிளே கச்சேரிகளின் தேதியே மாற்றப்பட்டது. தினமும் 82 ஆயிரம் பேரை அழைத்து வந்து, திரும்ப வீட்டுக்கு அனுப்ப டியூப் ரயிலை விட்டால் வேறு வழி இல்லை. ரயில் இல்லாவிட்டால் நிகழ்ச்சிக்கு அனுமதியும் இல்லை.

டூட்டிங், ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்ப்ளி என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளின் அன்றாடமும் இந்த ரயிலை நம்பித்தான் ஓடுகிறது. நமக்கு லண்டனில் ஒரு சொந்தக்காரர் இருந்தால், 'இன்னைக்கு டியூப் ஸ்டிரைக்' என்ற வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஒரு தடவையாவது பார்த்திருப்போம்.

ஆனால் ஸ்டிரைக் இல்லாத நாளிலும் இந்த ரயில் தாமதமாகிறது, புழுங்குகிறது, நடுவழியில் நிற்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இருக்கிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

நீராவி எஞ்சினில் தொடங்கிய சுரங்க ரயில்

உலகின் முதல் சுரங்க ரயில் லண்டனுடையது. 1863 ஜனவரி 10-ம் தேதி பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஓடியது. அன்றைக்கு மின்சார ரயிலே கிடையாது. சுரங்கத்துக்குள் நீராவி எஞ்சின், பெட்டிக்குள் கேஸ் விளக்கு. புகை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

இன்றைக்கு 11 லைன்கள், 272 ஸ்டேஷன்கள், சுமார் 400 கிலோமீட்டர் பாதை. சுரங்க ரயில் என்று பெயர் இருந்தாலும், பாதிக்கு மேல் தரைக்கு மேலேதான் ஓடுகிறது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டு வகைச் சுரங்கங்கள் இருக்கின்றன. ஆரம்ப காலத்தில் சாலையைத் தோண்டி, பள்ளத்தில் பாதை போட்டு, மேலே மூடினார்கள். இவை அகலமானவை. 1890-ல் முதல் ஆழமான மின்சார ரயில் வந்தது. களிமண்ணைக் குடைந்து குழாய் மாதிரி போட்டார்கள். 'டியூப்' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பல லைன்களில் அந்தக் குழாயின் விட்டம் சுமார் மூன்றரை மீட்டர்தான். ரயில் உள்ளே நுழைந்தால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கக்கூட இடம் இருக்காது.

டியூப்பை இப்போது நடத்துவது 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்', சுருக்கமாக டி.எஃப்.எல். அதன் தலைவர் நாற்காலி லண்டன் மேயருக்கு உரியது. ஊழியர்கள் பக்கம் நான்கு சங்கங்கள் இருந்தாலும், செய்தியில் அடிக்கடி அடிபடுவது இரண்டு. ஓட்டுநர்களின் 'அஸ்லெஃப்', அப்புறம் ஸ்டேஷன் ஊழியர், பராமரிப்பு, சிக்னல், ஓட்டுநர் என எல்லாரும் இருக்கும் 'ஆர்.எம்.டி'.

செப்டம்பரில் என்ன கேட்டார்கள்?

ஸ்டிரைக்கில் இறங்கியது ஆர்.எம்.டி. சம்பளம் ஒரு விஷயம்தான், 3.4 சதவீத உயர்வு தருவதாக டி.எஃப்.எல் சொல்லியிருந்தது. பெரிய இழுபறி வேலை நேரத்தில். வாரத்துக்கு 35 மணி நேரம் என்பதை 32 மணி நேரமாகக் குறைக்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. ஆட்கள் குறைந்துபோன நிலையில், விடியற்காலை, நள்ளிரவு என்று மாறி மாறி வரும் ஷிஃப்ட்களால் ஊழியர்களின் உடம்பு தாங்கவில்லை என்றது ஆர்.எம்.டி. 32 மணி நேரம் நடைமுறைக்கும் ஒத்துவராது, கட்டுப்படியும் ஆகாது என்றது நிர்வாகம்.

32 மணி நேரமா, நமக்கெல்லாம் 48 ஆச்சே என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் டியூப் ஓட்டுநரின் வேலை வித்தியாசமானது. வெளிச்சம் இல்லாத குழாய்க்குள் தனியாக உட்கார்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் ஸ்டேஷன், கதவு, கூட்டம் என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். ஒரு வாரம் காலை 4 மணிக்கு எழுந்து, அடுத்த வாரம் இரவு 2 மணிக்கு வீடு திரும்பினால் தூக்கம் கெடும் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. நைட் ஷிஃப்ட் பார்க்கும் எந்த நியூஸ் டெஸ்க் ஆளைக் கேட்டாலும் சொல்வார்.

எல்லோரும் இறங்காமல் மொத்த ரயிலும் எப்படி நின்றது?

இதைத்தான் பலர் கவனிக்கவில்லை. அந்த வாரம் எல்லா ஊழியர்களும் எல்லா நாளும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. திங்களும் புதனும் ஸ்டேஷன், ரயில், பராமரிப்பு ஊழியர்கள். செவ்வாயும் வியாழனும் சிக்னல் மற்றும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள். முறை வைத்து இறங்கினார்கள்.

சிக்னல் அறையில் ஆள் இல்லை என்றால் ஓட்டுநர் வந்தும் பயன் இல்லை. அஸ்லெஃப் ஓட்டுநர்கள் அந்த ஸ்டிரைக்கில் இல்லவே இல்லை. ஆனாலும் ரயில் ஓடவில்லை. ஒரு ஊழியருக்கு ஓரிரு நாள் சம்பளம்தான் போகும். நகரத்துக்கோ நான்கு நாள் போச்சு. சங்கத்தின் கணக்கு இதுதான்.

நினைத்த நேரத்தில் இறங்கிவிடவும் முடியாது. 2016-ல் பிரிட்டன் கொண்டுவந்த தொழிற்சங்கச் சட்டப்படி, தபால் வாக்கெடுப்பில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது அப்போது ஓட்டுப் போட வேண்டியிருந்தது. ரயில் போன்ற முக்கியச் சேவை என்றால், ஓட்டுரிமை உள்ள மொத்தப் பேரில் 40 சதவீதத்தினர் 'சரி' என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு மேல் 14 நாள் முன்னறிவிப்பும் தேவைப்பட்டது. 2025 செப்டம்பர் ஸ்டிரைக் இந்த எல்லா வேலிகளையும் தாண்டி வந்ததுதான்.

'இவ்வளவு சம்பளம் வாங்கியுமா?'

ஒவ்வொரு ஸ்டிரைக்கிலும் லண்டன் பத்திரிகைகள் தலைப்பில் போடுவது ஓட்டுநரின் சம்பளத்தை. ஆண்டுக்கு 65 ஆயிரம் பவுண்டுக்கு மேல், அதாவது நம்ம ஊர்க் கணக்கில் 75 லட்சம் ரூபாய்க்கும் மேல். பிரிட்டனில் முழுநேர வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் 40 ஆயிரம் பவுண்டைக்கூட எட்டுவதில்லை. கோபம் வருவது இயல்புதான்.

அந்தச் சம்பளம் வந்ததே சங்கத்தின் பலத்தால்தான் என்பார்கள் ஊழியர்கள். அதுவும் உண்மை. இன்னொன்று, செப்டம்பரில் இறங்கியவர்களில் ஓட்டுநர்கள் ஒரு பகுதி மட்டுமே. ஸ்டேஷன் ஊழியரும் தண்டவாளம் பார்ப்பவரும் அந்தச் சம்பளத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

அரசியல்வாதிகளின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 2016 தேர்தலில் நின்றபோது, ஒரு ஸ்டிரைக்கூட இல்லாத லண்டன் தன் இலக்கு என்றார் சாதிக் கான். ஆனால் அவர் காலத்திலும் பல ஸ்டிரைக்குகள் வந்தன. 2024 ஜனவரியில் ஆர்.எம்.டி ஒரு வார ஸ்டிரைக் அறிவித்தது. பணமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நிலையில், கடைசி நேரத்தில் மேயர் தரப்பிலிருந்து 3 கோடி பவுண்டு வந்தது, ஸ்டிரைக் வாபஸ். அந்த வாரம் பயணிகள் தப்பித்தார்கள். ஆனால் தேதி அறிவித்தால்தான் பெட்டி திறக்கும் என்ற பாடத்தைச் சங்கங்களுக்கு மேயரே நடத்திக் காட்டியது மாதிரி ஆகிவிட்டது.

சரி, ஸ்டிரைக் இல்லாத நாளில் என்ன பிரச்சனை?

பேக்கர்லூ லைனில் ஏறிப் பாருங்கள். அதில் ஓடுவது '1972 ஸ்டாக்' என்ற வகை ரயில். பெயரிலேயே வயசு இருக்கிறது. பிரிட்டனில் தினசரி பயணிகள் சேவையில் இருக்கும் மிகப் பழைய ரயில்கள் இவைதான். மொத்தம் 36 ரயில்கள். உதிரி பாகம் கடையில் கிடைக்காது. பல பாகங்களைச் செய்துதான் போட வேண்டும். 2025-ல் பேக்கர்லூ, சென்ட்ரல் லைன் ரயில்களின் உட்புறம் முழுக்கப் பெயிண்ட் கிறுக்கல்களாக இருந்த வீடியோக்கள் வைரலானது நினைவிருக்கலாம். கிறுக்கலை அழிக்க ரயிலை ஷெட்டில் நிறுத்த வேண்டும். கைவசம் இருப்பதே குறைவு என்றால் எதை நிறுத்துவது?

சென்ட்ரல் லைன் கதை வேறு மாதிரி. 1990-களில் வந்த ரயில்கள். 2003 ஜனவரியில் சான்சரி லேன் ஸ்டேஷனில் ஒரு ரயிலின் மோட்டார் கழன்று கீழே விழுந்து, ரயில் தடம் புரண்டது. 30-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். எல்லா ரயில்களையும் சோதித்துச் சரிசெய்து, லைன் முழுதாகத் திரும்பி வர ஏப்ரல் ஆகிவிட்டது. எந்த ஸ்டிரைக்கும் ஒரு லைனை இத்தனை நாள் மூடியதில்லை. அதே ரயில்கள்தான் இன்னும் ஓடுகின்றன. 2024 தொடக்கத்தில் மோட்டார்கள் வரிசையாகப் பழுதாக, ஓட்டுவதற்குப் போதிய ரயில் இல்லாமல் அந்த லைனில் சேவையையே குறைத்தார்கள். இப்போது ஒவ்வொரு ரயிலாகக் கழற்றி, புது மோட்டார் பொருத்துகிறார்கள். அதற்காக ஷெட்டுக்குப் போகும் ரயிலும் ஓடும் கணக்கில் குறைகிறது.

முன்னே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன விவரம் இங்கே வருகிறது. பிக்காடில்லி லைனின் இரு முனைகளும் திறந்தவெளியில் ஓடுகின்றன. இலையுதிர் காலத்தில் ஈர இலைகள் தண்டவாளத்தில் விழுந்து நசுங்கி வழவழப்பாகிவிடும். பிரேக் போட்டால் சக்கரம் சுற்றாமல் சறுக்கும். சறுக்கிய இடம் தேய்ந்து தட்டையாகும். வட்டச் சக்கரத்தில் ஒரு பக்கம் தட்டையானால் ஓட்ட முடியாது, கடைசல் பிடிக்க அனுப்ப வேண்டும். 2016 நவம்பரில் இப்படி ஒரேயடியாகப் பல ரயில்கள் படுத்துவிட, பிக்காடில்லி பயணிகள் நாள்கணக்கில் திண்டாடினார்கள். 1970-களின் அந்த ரயில்களில், சறுக்கலை உணர்ந்து பிரேக்கைத் தளர்த்தும் இன்றைய தொழில்நுட்பம் கிடையாது. இலை விழுந்து ரயில் நின்றது என்றால் நம்ம ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்!

சிக்னலும் சளைத்ததில்லை. எட்ஜ்வேர் ரோடு ஸ்டேஷனில் 1926-ல் வைத்த நெம்புகோல் சிக்னல் அறை 2010-களிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கையால் இழுத்தால்தான் பாதை மாறும்.

அப்புறம் வெப்பம். நூறு வருடத்துக்கு முன்னால், வெயில் காலத்தில் குளுமையாக இருக்க டியூப்புக்கு வாருங்கள் என்று விளம்பரமே செய்தார்கள். அப்போது சுரங்கத்தைச் சுற்றியிருந்த களிமண்ணின் வெப்பநிலை 14 டிகிரி அளவில் இருந்தது. ரயில் பிரேக் போடும்போதும் மோட்டார் ஓடும்போதும் வெளிவரும் வெப்பத்தை அந்த மண் வருடக்கணக்கில் உறிஞ்சியது. இப்போது மண்ணே சூடாகிவிட்டது, இனி அதற்கு உறிஞ்சும் தெம்பு இல்லை. ஆகஸ்டு மாதத்தில் விக்டோரியா, சென்ட்ரல் லைன்களில் 30 டிகிரியைத் தாண்டுகிறது. சென்னைவாசிக்கு 30 டிகிரி ஒரு விஷயமா என்று கேட்கலாம். ஏசியும் இல்லாமல், காற்றும் இல்லாமல், கோட்டுப் போட்ட கூட்டத்தில் நசுங்கி நின்றால் விஷயம்தான்.

ஏசி போட்டால் என்ன? அகலச் சுரங்கங்களில் ஓடும் மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன்களில் ஏசி ரயில் எப்போதோ வந்துவிட்டது. குழாய்ச் சுரங்கத்தில்தான் சிக்கல். ஏசி என்பது உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவது. அந்த 'வெளியே'யும் அதே குழாய்தான். யூனிட்டைப் பொருத்தவும் இடம் கிடையாது.

பழுது பார்க்கக் கிடைக்கும் நேரமும் சொற்பம். நள்ளிரவு ஒரு மணிவாக்கில் கடைசி ரயில் போய், ஐந்து மணிக்கு முதல் ரயில் வருவதற்குள் மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களை இறக்கி, வேலையை முடித்து, கருவிகளை எண்ணிப் பார்த்து ஏறிவிட வேண்டும்.

பழைய பாதை நேரடியாகத் தகராறாக மாறிய சம்பவமும் உண்டு. 2019-ல் நான்கு லைன்களின் சுரங்கச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று, ரயிலை மெதுவாக ஓட்டும் போராட்டத்தை அறிவித்தார்கள் ஆர்.எம்.டி ஓட்டுநர்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. பெட்டியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்ளும் பயணிக்கும், எட்டு மணி நேரம் அதே சத்தத்தில் ஓட்டுபவருக்கும் பிரச்சனை ஒன்றுதான்.

பணம் எங்கே போனது?

2003-ல் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. ரயிலை ஓட்டுவது அரசு, தண்டவாளம், சிக்னல், ரயில் பெட்டிகளைப் பராமரிப்பது தனியார் என்று 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன் இதில் உறுதியாக நின்றார். லண்டன் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டன் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார். 2007-ல் மெட்ரோநெட் நிறுவனம் திவாலானது. மக்கள் வரிப்பணத்தில் 17 கோடி முதல் 41 கோடி பவுண்டு வரை நஷ்டம் என்று தேசிய தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. 2010-ல் மிச்சமிருந்த டியூப் லைன்ஸ் நிறுவனத்தையும் டி.எஃப்.எல் வாங்கிக்கொண்டது.

அடுத்து, அன்றாடச் செலவுக்கு மத்திய அரசு தந்துவந்த மானியம். ஆண்டுக்குச் சுமார் 70 கோடி பவுண்டு. அதைப் படிப்படியாகக் குறைத்து 2018-ல் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு டி.எஃப்.எல் பெரும்பாலும் டிக்கெட் காசை நம்பியே ஓடியது. கொரோனாவுக்கு முன் அதன் நடைமுறை வருமானத்தில் 70 சதவீதம் போலக் கட்டணத்திலிருந்து வந்தது. நியூயார்க்கிலும் பாரிஸிலும் இது 40 சதவீதத்துக்கும் கீழே.

கூட்டம் இருக்கும் வரை சரி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. டியூப் பயணிகள் எண்ணிக்கை 95 சதவீதம் விழுந்தது. வருமானமே போச்சு. அரசிடம் கையேந்த வேண்டியதானது. அரசு பணம் கொடுத்தது, கூடவே நிபந்தனைகளும். அதில் ஒன்று, ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். செலவைக் குறைக்க ஸ்டேஷன்களில் சுமார் 600 பணியிடங்களை நிரப்பாமல் விடும் திட்டமும் வந்தது. 2022-லும் 2023-லும் டியூப் அடிக்கடி நின்றதே, அந்த ஸ்டிரைக்குகள் எல்லாம் இவற்றை எதிர்த்துத்தான்.

அதாவது புது ரயில் வாங்கப் பணம் இல்லாததும், ஊழியரின் பென்ஷனில் கை வைத்ததும் ஒரே ஓட்டைப் பையிலிருந்து வந்தவை. ஸ்டிரைக் வேறு, சேவைக் குறைபாடு வேறு என்று செய்தியில் தனித்தனியாகப் படிக்கிறோம். டி.எஃப்.எல் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கம்.

ஓட்டுநரே இல்லாத ரயில் விட்டால்?

ஒவ்வொரு ஸ்டிரைக்கின்போதும் யாராவது ஒருவர் இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு வருவார். போரிஸ் ஜான்சன் மேயராக இருந்தபோதும் சொன்னார், பிரதமரான பிறகும் சொன்னார்.

விஷயம் என்னவென்றால், விக்டோரியா லைன் 1968-ல் திறந்த நாளிலிருந்தே தானியங்கிதான். ஓட்டுநர் பட்டனை அழுத்தினால் ரயில் தானாகக் கிளம்பி, தானாக நிற்கும். சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன் லைன்களும் அப்படியே. ஓட்டுநர் இருப்பது கதவைப் பார்க்க, அவசரம் என்றால் முடிவெடுக்க. குழாய்க்குள் ரயில் நின்றுவிட்டால், பக்கவாட்டில் இறங்க இடமில்லை. ரயிலின் முனைக் கதவு வழியாகத்தான் வரிசையாக இறக்கிக் கூட்டிப் போக வேண்டும். ஆளே இல்லாத ரயிலில் அதை யார் செய்வது? பிளாட்ஃபார்மில் கண்ணாடிக் கதவுகள் இருப்பதும் ஜூபிலி லைனின் புதிய பகுதியில் மட்டும். மற்ற ஸ்டேஷன்களில் வைக்க ஆகும் செலவை யார் தருவது?

இதற்கெல்லாம் மேல் ஒன்று. லண்டனில் ஓட்டுநர் கேபினே இல்லாத ரயில் ஏற்கனவே இருக்கிறது. 1987 முதல் ஓடும் டாக்லாண்ட்ஸ் லைட் ரயில்வே. 2025 செப்டம்பர் 9, 11 தேதிகளில் அதன் ஊழியர்களும் ஸ்டிரைக் செய்தார்கள். அந்த ரயிலும் நின்றது.

ஸ்டேஷனில் ஆள் எதற்கு?

ஆட்குறைப்புக்கு ஊழியர்கள் இப்படிப் பொங்குவது ஏன் என்று புரிய 1987 நவம்பர் 18 இரவைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ஒரு பழைய மர எஸ்கலேட்டருக்கு அடியில், கிரீஸும் குப்பையும் சேர்ந்த இடத்தில் தீக்குச்சி விழுந்தது. 31 பேர் இறந்தார்கள். பழைய உபகரணம், சுத்தம் செய்யாத அழுக்கு, அவசரத்துக்குப் பயிற்சி இல்லாத ஊழியர்கள் என்று விசாரணை அறிக்கை எல்லாவற்றையும் சுட்டிக்காட்டியது. அதற்குப் பிறகுதான் சுரங்க ஸ்டேஷன்களில் குறைந்தபட்ச ஆட்கள் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. கடைசி மர எஸ்கலேட்டர் கிரீன்ஃபோர்டு ஸ்டேஷனில் 2014 வரை ஓடியது என்பது தனிக் கதை.

2008 தேர்தலில் டிக்கெட் கவுண்டர்களை மூட விடமாட்டேன் என்று சொன்ன போரிஸ் ஜான்சன், பிறகு அத்தனையையும் மூடும் திட்டத்தை அறிவித்தார். 2014 பிப்ரவரியில் அதை எதிர்த்து 48 மணி நேர ஸ்டிரைக். கவுண்டர்கள் எப்படியும் மூடப்பட்டன. கார்டு வைத்திருப்பவருக்கு நஷ்டமில்லை. 272 ஸ்டேஷன்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் போக வழி இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும், பார்வையில்லாதவருக்கும், ஊருக்குப் புதியவருக்கும் அங்கே நிற்கும் ஒரு ஊழியர்தான் வழி.

அந்த ஸ்டிரைக்கில் நடந்த ஒரு வேடிக்கை

2014 ஸ்டிரைக்கில் 270 ஸ்டேஷன்களில் 171 மூடின. வழக்கமான வழி அடைபட்டதால் பலர் வேறு வழியில் போனார்கள். அவர்கள் பயன்படுத்தும் ஆய்ஸ்டர் கார்டு பதிவுகளை (பெயர் விவரம் இல்லாமல்) ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். ஸ்டிரைக் முடிந்த பிறகும் சுமார் 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை! வருடக்கணக்காகச் சுற்று வழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள், ஸ்டிரைக் வந்துதான் நல்ல வழி தெரிந்தது. அந்த 5 சதவீதம் பேர் இனி தினமும் மிச்சப்படுத்தும் நேரம், ஸ்டிரைக்கில் எல்லோரும் இழந்த நேரத்தைக் காலப்போக்கில் தாண்டிவிடும் என்று கணக்கும் போட்டார்கள். 2017-ல் ஆய்வு வெளியானது.

ஏன் முன்னாடியே நல்ல வழி தெரியவில்லை? ஒரு காரணம் டியூப் வரைபடம். 1930-களில் ஹாரி பெக் வடிவமைத்த அந்தப் படம் எலக்ட்ரிக் சர்க்யூட் மாதிரி நேர்கோடுகளால் ஆனது. பார்க்க அழகு, தூரம் மட்டும் பொய். லெஸ்டர் ஸ்குவேரிலிருந்து கோவென்ட் கார்டன் 300 மீட்டர்கூட இல்லை. படத்தைப் பார்த்து ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

இதை வைத்து ஸ்டிரைக் நல்லது என்று சொல்ல முடியாது. ஆய்வு எண்ணியது நிமிடங்களை. நேரத்துக்குப் போகாததால் ஒரு நாள் கூலியை இழந்த துப்புரவுப் பணியாளரின் கணக்கு அதில் வராது. வீட்டிலிருந்தே லேப்டாப்பைத் திறக்க முடிந்தவருக்கும் அவருக்கும் ஸ்டிரைக் ஒன்றல்ல.

இனி என்ன?

2025 ஜூனில் பிரிட்டன் அரசு டி.எஃப்.எல்-க்கு நான்கு ஆண்டுகளுக்கு 220 கோடி பவுண்டு மூலதன நிதி அறிவித்தது. வருடா வருடம் கையேந்தாமல், நான்கு வருடத்துக்குத் திட்டம் போட முடியும். அதே ஆண்டு மார்ச்சில் டியூப் கட்டணம் சராசரியாக 4.6 சதவீதம் ஏறியதும் மறக்கக்கூடாத செய்தி.

பிக்காடில்லி லைனுக்கு 94 புது ரயில்கள் வருகின்றன. 2018-ல் சீமென்ஸ் நிறுவனத்துடன் 150 கோடி பவுண்டு ஒப்பந்தம். பெட்டிகளுக்கு நடுவே சக்கரத் தொகுதியைப் பகிர்ந்துகொள்ளும் வடிவம் என்பதால் அடியில் இடம் மிச்சமாகி, குழாய்ச் சுரங்கத்திலும் ஏசி பொருத்த முடிந்திருக்கிறது. 2025-ல் ஓடும் என்றார்கள், பிறகு 2026-ன் பிற்பகுதி என்று தள்ளிவைத்தார்கள். அதே ஒப்பந்தத்தில் பேக்கர்லூ, சென்ட்ரல் லைன்களுக்கும் ரயில் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. பணம் ஒதுக்கினால்.

லண்டனில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு தகவலைச் சொல்லி வையுங்கள். டியூப் பயணம் 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால், டி.எஃப்.எல் தளத்தில் விண்ணப்பித்து அந்தப் பயணத்தின் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். 28 நாளுக்குள் கேட்க வேண்டும். சிக்னல் கோளாறு, ரயில் பழுது என்றால் கிடைக்கும். ஸ்டிரைக் என்றால் கிடைக்காது.